மார்ச் மாதத்து முதுமலை

மைசூரிலிருந்து பந்திப்பூர் வழியாக வருகிற சாலை, கக்கநல்லா சோதனைச் சாவடியோடு தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. மார்ச் மாதத்தில் அங்கிருந்து தெப்பக்காடு நோக்கிப் போனால், சாலையின் இரண்டு பக்கமும் தரை கன்னங்கரேலென்று கிடக்கும். புல் இல்லை, சருகு இல்லை, கரியும் சாம்பலும்தான். முதல் தடவை வருகிறவர்களுக்குப் பகீரென்றிருக்கும். நான் போன வேனில் பின் இருக்கையிலிருந்த பெண்மணி, "ஐயோ, காடே எரிஞ்சுபோச்சே!" என்று பதறினார். ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்காமல், "இல்லக்கா, இது டிபார்ட்மென்ட்டே வெச்ச தீ. எரியக் கூடாதுன்னுதான் எரிச்சிருக்காங்க" என்றார்.

அவர் சொன்னது சரி. தீத்தடுப்புக் கோடு போடுவது வனத்துறையின் பழைய வேலைகளில் ஒன்று. மழை ஓய்ந்து புல் காயத் தொடங்கும் நேரம், ஆனால் இரவுப் பனியின் ஈரம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும் நேரம் பார்த்து, சாலையோரமாகவும் காட்டின் உள்ளே பிரிவு பிரிவாகவும் நீண்ட பட்டைகளைச் செதுக்குவார்கள். ஆட்களைச் சுற்றிலும் நிறுத்திக்கொண்டு அந்தப் பட்டையைக் கொளுத்திவிடுவார்கள். பிப்ரவரிக்குப் பிறகு எங்கிருந்தாவது ஒரு தீ கிளம்பி வந்தால், இந்தக் கருகிய பட்டைக்கு வந்ததும் தின்ன ஒன்றும் கிடைக்காமல் நின்றுபோக வேண்டும் என்பது கணக்கு. பெரும்பாலும் பலிக்கிற கணக்குத்தான். காற்று வலுத்த மத்தியானங்களில் மட்டும் பொறி பட்டையைத் தாண்டிப் பறந்து அந்தப் பக்கத்துச் சருகில் விழும். அப்புறம் ஓட்டம்தான்.

கருகிய பட்டைக்கு அப்பால் இருக்கும் காட்டைப் பார்த்தாலும் வந்தவர்களுக்கு ஏமாற்றம்தான். தேக்கு மொட்டையாக நிற்கிறது. வெக்காலி, கருமருது, வெண்தேக்கு எல்லாம் இலை உதிர்த்துவிட்டன. தரையில் முழங்கையகல தேக்கிலைகள் அடுக்கடுக்காகக் காய்ந்து கிடக்கின்றன; ஒரு புள்ளிமான் நடந்தால் நாலு ஆள் நடக்கிற சத்தம் கேட்கிறது. "காடு செத்துப்போச்சு" என்று சுற்றுலாப் பயணிகள் சொல்வதை இந்த மாதங்களில் அடிக்கடி கேட்கலாம். சாகவில்லை. வேர் எட்டும் ஈரம் குறையும்போது இலையை வைத்துக்கொண்டிருந்தால் இருக்கிற தண்ணீரும் ஆவியாகிப் போய்விடும் என்பதால் அவற்றைக் கழற்றிவிட்டு நிற்கிற மரங்கள் இவை. இந்த மொட்டைக் கிளைகளுக்கு நடுவில்தான் இலவும் புரசும் பூத்துச் சிவந்து நிற்கின்றன. வறண்ட மூன்று நான்கு மாதத்தைத் தாங்கவே உருவான காடு இது.

முதுமலையை ஒரே காடு என்று நினைத்துக்கொள்வதும் தவறு. நீலகிரி மலைக்கு வடக்கே, கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900, 1,000 மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கும் மேட்டு நிலம். 321 சதுர கிலோமீட்டர் உள்வட்டம். வெளிவட்டத்தையும் சேர்த்தால் 688 சதுர கிலோமீட்டர். 1940-இல் சரணாலயம், 2007-இல் புலிகள் காப்பகம், அதன் நடுப்பகுதி தேசியப் பூங்கா. மேற்கே கூடலூரை ஒட்டிய பென்னை பக்கம் தென்மேற்குப் பருவமழை வெளுத்து வாங்கும். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டர் அளவுக்கு. கிழக்கே வரவர மலை மழையை மறைத்துக்கொள்கிறது. மசினகுடி, மாயாறு, சீகூர் பக்கம் போனால் அதில் பாதிகூடக் கிடைக்காது. மேற்கில் மூங்கிலும் ஓங்கிய மரங்களும். நடுவில் தேக்கும் உயரப் புல்லும். கிழக்கில் முள்மரமும் புதரும். ஒரு மணி நேரப் பயணத்தில் மூன்று காட்டைப் பார்த்துவிடலாம்.

இதில் தீக்கு மிகவும் பிடித்தது நடுக்காடு. மேற்கில் ஈரம் அதிகம், கிழக்கில் எரியப் புல் குறைவு. நடுவில் மட்டும் மழைக்காலத்தில் ஆள் மறைகிற உயரத்துக்குப் புல் வளர்ந்து, கோடையில் அத்தனையும் காய்ந்து நிற்கும். அதனால்தான் நல்ல மழை பெய்த ஆண்டுக்கு அடுத்த கோடையைக் கண்டு வனத்துறையினர் அதிகம் பயப்படுவார்கள். மழை பொய்த்த ஆண்டில் புல்லே வளர்ந்திருக்காது. மழையும் கொட்டி, பிறகு வறட்சியும் வந்தால்தான் வினை.

தண்ணீர் எங்கேயோ, கேமரா அங்கே

கோடையில் முதுமலைக்குப் போகச் சொல்பவர்கள் சொல்லும் காரணம் உண்மைதான்: விலங்குகள் கண்ணில் படும். இலை இல்லாததால் பார்வை தூரம் போகும். குட்டைகள் வற்றியிருப்பதால் மிச்சமிருக்கும் இரண்டொரு நீர்நிலைக்கு எல்லா உயிரும் வந்துதான் ஆக வேண்டும். ஆகஸ்டில் பசுமைக்குள் மறைந்துபோகிற யானைக் கூட்டத்தை மார்ச்சில் மாயாற்றங்கரையில் முழுசாகப் பார்க்கலாம்.

பயணிக்கு நல்ல காலம் எதுவோ அதுவே காட்டுக்குக் கெட்ட காலம் என்பதுதான் இந்தப் பயணத்தின் சங்கடம். ஒரு வளர்ந்த யானைக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்குமேல் தண்ணீர் வேண்டும். அதைக் குடிக்க ஒரு நாளில் ஒருமுறை, இருமுறை அது இறங்கி வரும் இடத்தில், வண்டிகள் வரிசையாக நின்று எஞ்சினை உறுமவிட்டால், கூட்டம் குடிக்காமலே திரும்பிப்போகும். குட்டியோடு இருக்கும் பெண் யானைகள் முதலில் திரும்பும். வெயிலில் மறுபடி அடுத்த தண்ணீருக்கு நடக்க வேண்டும். படம் எடுத்தவருக்கு அந்த நடை தெரியாது.

2023 மார்ச்சில் 'தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படம் ஆஸ்கர் வாங்கியது. அதில் வரும் தெப்பக்காடு யானைகள் முகாமின் பாகன் பொம்மனையும் பெள்ளியையும் பார்க்க ஜனம் திரண்டு வந்தது. நல்ல விஷயம். ஆனால் விருது கொடுக்கிறவர்களுக்கு நம் ஊர் தீக்காலம் தெரியுமா என்ன! வருஷத்தின் மிகக் காய்ந்த வாரங்களில், மிக அதிகமான வண்டிகள்.

2016-இல் பருவமழை இரண்டும் பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டது வாசகர்களுக்கு நினைவிருக்கும். அப்படிப்பட்ட கோடைகளில் வனத்துறை லாரியில் தண்ணீர் கொண்டுபோய் சிமென்ட் தொட்டிகளில் நிரப்புகிறது. சில இடங்களில் சூரிய மின்சக்தியில் ஓடும் பம்பு. தொட்டியில் யானை தும்பிக்கை விடும் படம் எல்லாப் பத்திரிகையிலும் வரும். நம் பத்திரிகையிலும் வந்திருக்கிறது. பார்க்க மனசுக்கு ஆறுதல். ஆனால் தொட்டி வைத்த இடத்தைச் சுற்றியே மானும் காட்டெருமையும் யானையும் தங்கிவிட்டால், அந்த வட்டாரத்துப் புல் மொட்டையாகும். நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றுவதும் சுலபமாகும். இந்தக் காடுகளின் யானைகள் கோடை வந்தால் தண்ணீரைத் தேடி இடம்பெயர்ந்தே பழகியவை. பந்திப்பூருக்கும் நாகரஹொளேவுக்கும் நடுவிலுள்ள கபினி அணையின் நீர்ப்பரப்பு கோடையில் வடியும்போது, கரையில் முளைக்கும் பசும்புல்லுக்கு நூற்றுக்கணக்கில் யானைகள் கூடுவது அதனால்தான். அவற்றுக்குத் தொட்டியைவிட அதிகம் தேவைப்படுவது போகிற வழி.

அந்த வழிதான் சிக்கலில் இருக்கிறது. சீகூர் மேட்டுநிலம், கிழக்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையும் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளையும் இணைக்கும் ஒடுங்கிய இடம். மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா பக்கம் தங்கும் விடுதிகளும் மின்வேலிகளும் பெருகி அது இன்னும் ஒடுங்கிப்போனது. வழக்கு உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் போய், யானை வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபர் 14-ஆம் தேதி தீர்ப்பு வந்தது. தீர்ப்பு வந்த அடுத்த ஜனவரியில்தான், மசினகுடியில் விடுதி ஒன்றின் பக்கம் வந்த ஆண் யானையின்மேல் எரியும் டயரை வீசிக் கொன்ற காணொளி நாட்டையே உலுக்கியது.

யார் வைத்த தீ?

அமெரிக்கக் காட்டுத்தீச் செய்திகளில் மின்னல் என்ற சொல் அடிக்கடி வரும். அதைப் படித்துவிட்டு, இங்கேயும் மூங்கில் மூங்கிலோடு உரசித் தீப்பிடிக்கிறது என்று சொல்பவர்கள் நம்மிடையே உண்டு. பள்ளிப் பாடத்தில் படித்த ஞாபகம். முதுமலையில் தீப்பிடிக்கும் பிப்ரவரி, மார்ச்சில் வானம் வெறிச்சோடிக் கிடக்கிறது. இடிமின்னல் வருவது ஏப்ரல், மே கோடைமழையோடு. அந்த மின்னலுக்குப் பின்னாலேயே தண்ணீரும் வந்துவிடும். ஆக இந்தக் காட்டுத்தீ ஏறக்குறைய அத்தனையும் மனிதர் கையால் வந்தவை. வைத்தது யார் என்பதில் மட்டும்தான் ஊருக்கு ஊர் கதை மாறும்.

புது மழைக்கு இளம்புல் தளிர்க்கட்டும் என்று மாடு மேய்ப்பவர் வைத்திருக்கலாம். மான் உதிர்த்த கொம்பு சருகுக்குள் கண்ணுக்குத் தெரியட்டும் என்று ஒருவர் வைத்திருக்கலாம். தேனெடுக்கக் கொளுத்திய பந்தம், அணைக்காமல் எறிந்த பீடி, சாலையோரம் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு விட்டுப்போன அடுப்பு, வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவரின் கோபம், வனத்துறையோடு ஊருக்குள்ள பழைய பகை எல்லாமே பட்டியலில் உண்டு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 30-ஆவது பிரிவு சரணாலயத்தில் தீ வைப்பதைத் தடை செய்கிறது. பிடிபடுகிறவர் குறைவு. பிடிபட்டாலும் பெரும்பாலும் மாடு மேய்ப்பவரோ பழங்குடியினரோதான். ஓடும் காரிலிருந்து சிகரெட்டைச் சுண்டியவரை யார் கண்டுபிடிப்பது?

மாடு மேய்ப்பதிலும் ஒரு பொருளாதாரம் இருக்கிறது. மசினகுடி வட்டாரத்தில் வெகுகாலமாகப் பட்டி மாடுகள் பாலுக்காக வளர்க்கப்பட்டதைவிடச் சாணத்துக்காக வளர்க்கப்பட்டதே அதிகம். பகலில் காட்டில் மேய்ந்து இரவில் பட்டியில் இடும் சாணம், கேரளத்துத் தோட்டங்களுக்கு எருவாக லாரியில் போகும். காட்டின் சத்து அப்படியே தோட்டத்துக்கு இடம் மாறுகிறது. அந்த மாடுகளுக்குக் கோடையில் புல் வேண்டும். தீ வைப்பவரைத் திட்டும் நாம், அந்தப் புல்லின் கணக்கையும் பார்க்க வேண்டும்.

தீ யார் வைத்தாலும் அது எவ்வளவு தூரம் போகும், எவ்வளவு உயரம் ஏறும் என்பதைத் தீர்மானிப்பது காட்டில் கிடக்கும் எரிபொருள். இங்கேதான் உண்ணிச்செடி வருகிறது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச் செடியாக வந்தது. இன்று முதுமலையில் சாலையோரத்திலிருந்து ஓடைக்கரை வரை அதுதான். ஆரஞ்சும் ஊதாவுமாகப் பூத்திருக்கும்போது அழகாகத்தான் இருக்கிறது. மானோ யானையோ அதைத் தீண்டுவதில்லை. காய்ந்தால் ஆள் உயரத்துக்கும் மேலே சுள்ளிக் குவியல். பழைய நாளில் தீ தரையோடு புல்லையும் சருகையும் மேய்ந்துகொண்டு போகும்; முழங்கால் உயரத்துக்குத் தாண்டாது. உண்ணிப்புதர் அதற்கு ஏணியாகிவிட்டது. அதைப் பிடித்து ஏறும் தீ மரத்தின் கிளையைத் தொடுகிறது, பெருமரத்தையே வேக வைக்கிறது. எரிந்த இடத்தில் முதலில் முளைப்பதும் அதே உண்ணிதான். மேற்குப் பக்கம் மஞ்சள் கொன்றை என்று இன்னொரு வெளிநாட்டு மரம் பரவிக்கொண்டிருக்கிறது. உயர் நீதிமன்ற மேற்பார்வையில் அதை வெட்டி காகிதக் கூழுக்கு அனுப்பும் வேலை நடக்கிறது.

முதுமலைக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. இந்தியாவில் இவ்வளவு நுணுக்கமாக ஆராயப்பட்ட வறண்ட காடு வேறு இருப்பது சந்தேகம். இந்திய அறிவியல் கழகத்தின் ரா. சுகுமாரும் அவருடைய குழுவினரும் 1988-இல் இங்கே 50 ஹெக்டேர் நிலத்தைக் குறித்து, ஒரு சென்டிமீட்டர் தடிமனுக்கு மேலுள்ள ஒவ்வொரு தண்டையும் அடையாளமிட்டு அளந்தார்கள். ஆண்டுதோறும் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று கணக்கு எடுக்கப்படுகிறது. யானை முறித்ததா, தீ தின்றதா, வறட்சி வாட்டியதா என்பது வரை குறிக்கிறார்கள். நரேந்திரன் கோதண்டபாணி, மார்க் காக்ரேன், சுகுமார் மூவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, 1989 முதல் 2002 வரை முதுமலையில் எரிந்த பரப்புகளை வரைபடமாக்கியது. சராசரியாக 3.3 ஆண்டுக்கு ஒருமுறை ஒரே இடம் எரிகிறது என்று கண்டார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்துப் பதிவுகளோடு ஒப்பிட்டால், தீ மூன்று மடங்கு அடிக்கடி வருகிறது.

இந்த மூன்று மடங்குதான் விஷயம். வறண்ட காட்டில் தீ புதிதல்ல. கருமருதின் பட்டையைத் தொட்டுப் பாருங்கள். முதலையின் முதுகுபோலத் தடித்து வெடித்திருக்கும். தரைத்தீ அதை ஒன்றும் செய்வதில்லை. சின்னக் கன்று எரிந்து போகும். ஆனால் வேர் உயிரோடு இருக்கும், மழைக்கு மறுபடி துளிர்க்கும். அது தீயின் நாக்குக்கு எட்டாத உயரத்துக்கு வளர்ந்துவிட்டால் பிழைத்தது. அதற்குச் சில ஆண்டுகள் தீ இல்லாமல் இருக்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை தலையைக் கருக்கினால் அது கன்றாகவே கிடந்து, ஒருநாள் வேரும் களைத்துச் செத்துப்போகும். சஃபாரி வண்டியிலிருந்து பார்க்கிறவருக்குக் காடு அடர்ந்துதான் தெரியும். பெரிய மரங்கள் நிற்கின்றன அல்லவா? அந்த மரங்களுக்கு அடுத்த தலைமுறை இல்லாதது வண்டியிலிருந்து தெரியாது.

அப்படியானால் தீயே வேண்டாம் என்று முழுக்கத் தடுத்துவிடலாமா? வெள்ளைக்காரன் காலத்து வனத்துறை அப்படித்தான் நினைத்தது. தேக்கு மரம் அவர்களுக்குக் காசு. தீ காசை எரிப்பது. காட்டில் வாழ்ந்தவர்கள் வருஷத் தொடக்கத்திலேயே சருகை மெல்ல எரித்துவிடும் வழக்கத்தைக் குற்றமாக்கினார்கள். பக்கத்திலிருக்கும் பிளிகிரிரங்கன் மலையில் சோளகர்கள் அந்தச் சருகுத்தீயைத் 'தரகு பெங்கி' என்பார்கள். தீயைத் தடுத்த பிறகுதான் உண்ணி இப்படி மண்டியது என்பது அவர்கள் வாதம். ஆராய்ச்சியாளர்கள் சிலரும் அதை ஏற்று எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அந்த வாதத்தில் பாதி நியாயம் தெரிகிறது. மறுபாதி சந்தேகம்: உண்ணி இல்லாத காட்டில் வைத்த தீயும், உண்ணி மண்டிய காட்டில் வைக்கும் தீயும் ஒன்றாக இருக்காது. உண்ணியை வேரோடு பிடுங்கிய பின் ஜனவரியில் சருகைக் கொளுத்தலாம். பிடுங்காமல் கொளுத்தினால் எரிவது மரம்.

வேரோடு பிடுங்குவது லேசான வேலையா என்ன! கூடலூர் பக்கம் பழங்குடிக் கைவினைஞர்கள் பிடுங்கிய உண்ணித்தண்டை வேகவைத்து, பட்டை உரித்து, வளைத்து, ஆளுயரம் தாண்டிய யானைச் சிற்பங்கள் செய்கிறார்கள். லண்டன் பூங்காக்களிலும், 2024-இல் அமெரிக்காவில் நியூபோர்ட், நியூயார்க் நகரங்களிலும் அந்த யானைகள் நின்றன. பார்த்தவர்கள் அவை நிஜ யானையின் அளவிலேயே இருப்பதையும் நிற்கும் விதத்தையும் கண்டு மலைத்தார்கள். ஒவ்வொன்றும் காட்டில் வாழும் ஒரு யானையைப் பார்த்துச் செய்தது. காட்டில் கிடக்கும் உண்ணியோடு ஒப்பிட்டால் இதில் செலவாகும் தண்டு கொஞ்சம்தான். ஆனால் பீடி எறிந்தார், தீ வைத்தார் என்று மட்டுமே செய்தியில் வந்த மக்களுக்கு அது வேறொரு பெயர் தந்தது.

மேட்டில் ஏறும் தீ

தட்டை நிலத்தில் தீ நடக்கும், சரிவில் ஓடும். மேலேறும் சூடு முன்னாலிருக்கும் புல்லை முன்கூட்டியே உலர்த்தி வைப்பதால், மேல்நோக்கிப் போகும் தீக்கு வேகம் பல மடங்கு. தேனி மாவட்டக் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று நடந்தது அதுதான். கொழுக்குமலையிலிருந்து காய்ந்த புல்சரிவு வழியாக இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் கீழிருந்து வந்த தீ வளைத்தது. 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் இளைஞர்கள். அங்கே மாட்டிக்கொண்டவர்கள் ஓடிய திசையும், ஒளிந்த பள்ளங்களும் தீ போகும் வழியாகவே அமைந்துவிட்டன. அதன்பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கென விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளுடன் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியபோதும் தீக்காலத்தில் பாதைகளை மூடிவைக்கும் ஏற்பாடு இருந்தது. ஆன்லைனில் பணம் கட்டிவிட்டோம், ஏன் விடமாட்டேன் என்கிறார்கள் என்று சண்டை போடுபவர்கள் குரங்கணியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம்.

நீலகிரியின் மேல்மலையில் கதை சற்று வேறு. அங்கே டிசம்பர், ஜனவரி உறைபனி புல்லைக் கருக்கிவிடும். மார்ச்சில் வெயில் ஏறும்போது அது தயாராக இருக்கும். 2024 மார்ச்சில் குன்னூர் அருகே ஃபாரஸ்ட் டேல் பகுதியில் பிடித்த தீ நாள்கணக்கில் எரிந்து, கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டர் வாளியில் தண்ணீர் மொண்டு வந்து கொட்ட வேண்டியிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் குப்பைக்கு வைத்த தீ காட்டுக்குள் தாவியதாக வழக்குப் பதிவானது. அடுத்த மாதம் ஊட்டியில் 29 டிகிரி வெயில். 1951-க்குப் பிறகு ஏப்ரலில் அவ்வளவு பதிவானதில்லை.

ஹெலிகாப்டர் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது 2019 பந்திப்பூர். பிப்ரவரி கடைசி வாரத்தில் ஐந்து நாள் எரிந்தது. செயற்கைக்கோள் படங்களை வைத்து ஏறத்தாழ 11,000 ஏக்கர் எரிந்ததாகக் கணக்கிட்டார்கள். முதுமலைப் பக்கமும் தீ வந்தது. மாநில எல்லையை அது மதிப்பதில்லை. சூலூரிலிருந்து விமானப்படையின் இரண்டு எம்ஐ-17 ஹெலிகாப்டர்கள் வந்தன. அட்டைப்படத்துக்கு அருமையான காட்சி. ஆனால் அந்தத் தண்ணீர் தீயின் சூட்டைத் தணிக்கும், அவ்வளவுதான். கீழே ஆள் நின்று மிச்சக் கங்கை அடித்து அணைக்காவிட்டால் அரைமணியில் திரும்பப் பற்றிக்கொள்ளும்.

அந்த ஆட்கள் பெரும்பாலும் இருளர், குறும்பர், காட்டுநாயக்கர்; தற்காலிகத் தீக்காவலர்களாகவோ வேட்டைத் தடுப்புக் காவலர்களாகவோ இருப்பவர்கள். தீக்காவலர்களுக்குச் சில மாதத்துக்கு மட்டும் வேலை. கையில் பச்சைத் தழைக்கொத்து; ஒடித்த இடத்திலேயே பால் வடியும் கிளையாகப் பார்த்து எடுத்திருப்பார்கள், சீக்கிரம் கருகாது என்று. இப்போது சில இடங்களில் சருகை ஊதித் தள்ளும் இயந்திரத்தை முதுகில் மாட்டியிருக்கிறார்கள். அதை வைத்துத் தீக்கு முன்னால் நிமிஷத்தில் ஒரு பாதை போட்டுவிடலாம், பெட்ரோல் தீரும்வரை. தீ பெரிதாக இருந்தால் எதிரே நின்று இன்னொரு தீயை வைத்து, இரண்டும் நடுவில் மோதி அணையச் செய்வார்கள். காற்றின் திசை கொஞ்சம் மாறினாலும் நடுவில் மாட்டுபவர்கள் வைத்தவர்களே. பந்திப்பூரில் 2017 பிப்ரவரியில் ஒரு வனக்காவலர் அப்படித் தீயோடு போராடும்போதுதான் உயிரைவிட்டார்.

செயற்கைக்கோள் எச்சரிக்கை இப்போது செல்போனுக்கே வருகிறது. 375 மீட்டர் சதுரத்துக்குள் எங்கோ சூடு என்று அது சொல்லும். செயற்கைக்கோள் கடந்துபோவது பகல் ஒன்றரை மணி வாக்கிலும் நள்ளிரவு தாண்டியும்தான். நடுவில் மூண்ட தீயை அது பார்ப்பதற்குள் புகையைப் பார்த்துவிட்ட காவலர் பாதி தூரம் போயிருப்பார். மரத்தின்மேல் கட்டிய காவல் பரணுக்கு இன்னும் மவுசு போகவில்லை.

தீ ஓடும் இடத்தின் முன்வரிசையில் கரிச்சானையும் பனங்காடையையும் பார்க்கலாம். புகைக்கு அஞ்சிக் கிளம்பும் வெட்டுக்கிளிகளை அந்தரத்திலேயே பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றுக்கு விருந்து. ஆமைக்கும், தரையில் முட்டையிட்ட பறவைக்கும் தப்பிக்க வழியில்லை. சீகூர் ஓடைகளின் நீர்மருதுகளில் கூடு கட்டும் வெண்முதுகுப் பாறு கழுகுகளுக்குக் குஞ்சு வளரும் காலம் சரியாக இதுதான். தமிழ்நாட்டில் பாறு கழுகு மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. இணைக்கு ஆண்டுக்கு ஒரே முட்டை. ஓடைக்கரையில் புகை மூட்டம் போட்டு நாலு நாள் நின்றாலும் அந்த வருஷம் போச்சு.

இப்படிப்பட்ட மாதங்களில் போகத்தான் வேண்டுமா என்று கேட்டால், வேண்டாம் என்றே சொல்வேன். செப்டம்பரில் போங்கள், விலங்கு குறைவாகத் தெரியும், காடு நிறையத் தெரியும். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் அரசு வண்டியில் போங்கள். மசினகுடியில் இரவு ஜீப் சவாரி என்று ரகசியமாக அழைப்பவர்களோடு போகாதீர்கள். அது சட்டவிரோதம், அந்த நேரம் தண்ணீர் தேடி வரும் யானைக்கும் உங்களுக்கும் ஆபத்து. புகை கண்டால் படம் எடுத்துப் போடுவதற்கு முன் அடுத்த சோதனைச் சாவடியில் இடத்தைச் சொல்லுங்கள்.

வறட்சி முற்றும் ஆண்டுகளில் வனத்துறை சஃபாரியை நிறுத்துகிறது. விடுதிகளில் முன்பதிவு செய்தவர்கள் முணுமுணுக்கிறார்கள். நிறுத்துவது சரிதான், ஆனால் அது அரைவேலை. பூங்கா மூடியிருக்கும் நாளிலும் அதன் நெஞ்சைப் பிளந்துகொண்டு மைசூர்–ஊட்டி நெடுஞ்சாலை திறந்தே இருக்கிறது. 2009-இலிருந்து பந்திப்பூர்ப் பகுதியில் இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை போக்குவரத்துத் தடை. மற்ற பதினைந்து மணி நேரமும் வண்டிகள்தான். 2024 மே முதல் நீலகிரிக்கு வருபவர்களுக்கு இ-பாஸ் கட்டாயம். அந்த இ-பாஸில் வண்டி எண் கேட்கிறார்கள், தங்குமிடம் கேட்கிறார்கள். கக்கநல்லாவில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கிறதா என்று டிக்கியைத் திறந்து பார்க்கிறார்கள். பிப்ரவரி பாதியிலிருந்து ஏப்ரல் பாதி வரை அதே இடத்தில் லைட்டரையும் கேஸ் அடுப்பையும் வாங்கி வைத்துக்கொண்டு, தொரப்பள்ளியில் திருப்பிக் கொடுத்தால் என்ன? சண்டை வரும். வரட்டும். சாலையோரம் வண்டியை நிறுத்தினால் அபராதம் என்ற பலகை ஏற்கெனவே இருக்கிறது. அதை அமல்படுத்த இந்த எட்டு வாரத்துக்கு இன்னும் நாலு ஆளை, தழைக்கொத்து பிடிக்கும் அதே ஊர்க்காரர்களிலிருந்து, சம்பளம் ஒழுங்காகக் கொடுத்து நிறுத்தலாம்.